நியமனப் பத்திரம் வராத நாள்

1931ஆம் ஆண்டு மே மாதம் 4ஆந் தேதி, இலங்கையின் புதிய அரசாங்க சபைக்கு நியமனப் பத்திரங்கள் ஏற்கப்பட்ட தினத்தில், யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை என்னும் நான்கு தொகுதிகளிலும் பத்திரத்தோடு வந்து நின்றவர் ஒருவருமில்லை. இலங்கையில் சர்வஜன வாக்குரிமையின்கீழ் நடைபெறவிருந்த முதல் தேர்தல் அது. வேட்பாளராக நிற்கச் சித்தமாயிருந்த நியாயவாதிகளுக்கும் கனவான்களுக்கும் குடாநாட்டில் அன்று குறைவில்லை. அவர்கள் அத்தனை பேரையும் பின்வாங்கச் செய்தது, சில தினங்களுக்கு முன்னர் யாழ்ப்பாணத்தில் கூடிய வாலிபர் மகாநாடொன்றின் தீர்மானம்.

அம்மகாநாட்டைக் கூட்டிய வாலிபர் காங்கிரஸ் 1924இல் மாணவர் காங்கிரஸ் என்ற பெயரோடு பிறந்தது. வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியின் இளம் உபாத்தியாயர் ஹன்டி பேரின்பநாயகமும் அவருடைய நண்பர்களும் அதன் கர்த்தாக்கள். வேலியெல்லையில் ஒரு முழ நிலத்துக்காகத் தலைமுறை தலைமுறையாக நீதிஸ்தலம் ஏறியிறங்கும் யாழ்ப்பாணத்தாருக்கு வாதம் செய்வது புதிய வித்தையன்று. மிஷன் பள்ளிக்கூடங்களும் சைவப் பாடசாலைகளும் நடத்திய விவாத சங்கங்களோ அந்த வித்தைக்கு ஆங்கிலத்தின் மெருகையும் சபை ஒழுங்கையும் சேர்த்திருந்தன. ஆயினும் அச்சங்கங்களில் பேசிப் பழகிய பிள்ளைகளுக்கு முன்னிருந்த இலட்சியம் பெரும்பாலும் அரசாங்கக் குமாஸ்தா உத்தியோகமும், அதன் வழியாய் வரும் சீதனமுமேயாகும். மாணவர் காங்கிரஸ் அந்த வாக்கு வன்மையை வேறு திசையில் திருப்பிற்று. ஆண்டுதோறும் கூடி, தலைவரை அமர்த்தி, தீர்மானத்தைப் பிரேரித்து, ஆமோதித்து, எதிர்த்துப் பேசுவாருக்கும் இடங்கொடுத்து, பெரியவர்கள் வீட்டுத் திண்ணையிலும் சொல்லத் துணியாத விஷயங்களைச் சபையில் வைத்து அது பேசிற்று.

அவ்விஷயங்களுள் முதன்மையானது சாதி. தாழ்ந்தோரெனப்பட்ட சமூகங்களின் பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளோடு வாங்கில் இருக்கக் கூடாது, தரையிலே குந்தியிருந்துதான் படிக்க வேண்டும் என்பது பல பள்ளிக்கூடங்களில் வழக்கமாயிருந்த காலம் அது. சம ஆசனம், சம போசனம் என்ற இரண்டு சொற்களும் அக்காலத்தில் குடாநாட்டைக் கலக்கிய அளவுக்கு ஏகாதிபத்தியம் என்ற சொல் கலக்கியிராது. வெள்ளைக்காரனை எதிர்த்து மேடையில் பேசிய மகனை மெச்சிய தகப்பனார், கீழ்ச்சாதியானோடு பந்தியில் இருந்த மகனை வீட்டுக்குள் விடத் தயங்கினார். அந்தத் தகப்பன்மாரோடு மோத நேர்ந்ததே வாலிபர்களுக்கு மெய்யான அரசியற் பயிற்சி என்பது என் அபிப்பிராயம். தமிழ்ப் பிள்ளைகள் சிங்களமும், சிங்களப் பிள்ளைகள் தமிழும் கற்க வேண்டும் என்றும் அவர்கள் சொன்னார்கள். பிற்காலச் சரித்திரத்தை அறிந்தவர்கள் அதனை வாசிக்கையில் ஒரு பெருமூச்சு விடாதிருத்தல் அரிது.

1927 நவம்பரில் அவர்கள் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்து வந்தார்கள். அவ்வாண்டின் இறுதியிலேதான் டொனமூர் பிரபுவின் அரசியலமைப்பு ஆணைக்குழுவும் இலங்கைக்கு வந்து சாட்சியம் கேட்டது. நூற்றுக்கு நால்வரளவே வாக்குரிமை பெற்றிருந்த நாட்டில், சொத்தும் கல்வியும் பாராமல் வயது வந்தோர் யாவருக்கும் வாக்குரிமை அளிக்க வேண்டுமென்று அக்குழு சிபாரிசு செய்தது, கனவான்களுக்கு இடிவிழுந்தாற் போலாயிற்று. தமிழரின் மூத்த தலைவர் சேர் பொன்னம்பலம் இராமநாதனே அதனை முழுமூச்சாக எதிர்த்தார். ஆண்களுக்கு 21 வயது, பெண்களுக்கு 30 வயது என்று குழு வகுத்திருந்த வேற்றுமை பின்னர் நீக்கப்பட்டு, இருபாலாருக்கும் 21 என்று முடிவாயிற்று. இந்த அரசியல் திட்டம் 1929 டிசம்பரில் பழைய சட்டசபையில் 19 வாக்குக்கு 17 என்ற மயிரிழையில் அங்கீகாரம் பெற்றது.

வாலிபர்களின் ஆட்சேபம் வேறு விதமானது. வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் ஒழிந்து தமிழரின் ஸ்தானங்கள் குறைகின்றனவே என்று முதியோர் வருந்த, அது ஒழிந்தது நல்லதென்று கருதிய வாலிபர்களோ, சட்டம், நிதி, பிரதம காரியதரிசி என்னும் இலாகாக்கள் உத்தியோகஸ்தர் கையிலும், மறுக்கும் அதிகாரம் தேசாதிபதியின் கையிலும் இருக்கும் அமைப்பைச் சுயராச்சியம் என்று ஏற்க முடியாதென்றார்கள். லாகூரில் இந்தியக் காங்கிரஸ் பூரண சுயராச்சியத்தை இலட்சியமாக வரித்து ஒன்றரை ஆண்டும் ஆகாத சமயம். உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று மீண்டிருந்த கமலாதேவி சட்டோபாத்தியாயர் 1931 ஏப்ரல் மகாநாட்டுக்குத் தலைமை வகிக்க வந்திருந்தார். அவருக்கு அப்போது வயது 28. டொனமூர் குழுவின் முதல் சிபாரிசு நின்றிருக்குமாயின், அவ்வயதுடைய இலங்கைப் பெண்ணொருத்திக்கு வாக்கே இருந்திராது.

அம்மகாநாடு தேர்தல் பகிஷ்காரத்தைத் தீர்மானித்தது. தீர்மானத்தைக் காகிதத்தில் விட்டுவிடாமல், நிற்கவிருந்தவர்களை அணுகி வாதாடி அவர்களையும் இசையச் செய்ததே வாலிபர்களின் சாமர்த்தியம். சாதியாலும் செல்வத்தாலும் வயதாலும் தம்மிலும் மேலான மனிதர்களை, நிந்தையாலோ தடியாலோ அன்றி நியாயத்தாலும் பொதுஜன அபிப்பிராயத்தாலும் இருபது முப்பது வயதுப் பிள்ளைகள் கட்டுப்படுத்திய காட்சி யாழ்ப்பாணம் அதற்குமுன் காணாதது.

ஆனால் அந்த மகாநாட்டுப் பந்தலுக்கு வெளியேயும் ஒரு யாழ்ப்பாணம் இருந்தது. வயலில் நாற்று நட்ட பெண், கள்ளிறக்கிய தொழிலாளி, பள்ளிக்கூடத்தில் தரையிலிருந்த பிள்ளையின் தாய் ஆகிய இவர்கள் எந்தக் காலத்திலும் ஒரு பொதுக் காரியத்தில் அபிப்பிராயம் கேட்கப்படாதவர்கள். இவர்களுடைய பெயர்கள் வாக்காளர் இடாப்பில் முதன்முதலாக ஏறிய அந்த வருஷத்திலேயே, இவர்களுக்காகவும் சேர்த்து, இவர்களைக் கேளாமல், வாக்களிப்பதில்லையென்று முடிவு செய்யப்பட்டது. சம ஆசனத்துக்காகத் தகப்பன்மாரோடு சண்டையிட்டவர்களுக்கு இது ஏன் உறைக்கவில்லை என்பது எனக்கு இன்றளவும் விளங்காத சங்கதி. சுயராச்சியம் என்ற பெரிய சொல்லின் ஒளியில் வாக்குச்சீட்டு அற்பமாகத் தோன்றியிருக்கலாம். படித்தவன் தீர்மானிக்கப் படியாதவன் பின்பற்றுவான் என்ற பழைய நம்பிக்கை, புதிய கதர்ச் சட்டைக்குள்ளும் ஒளிந்திருந்திருக்கலாம்.

தென்னிலங்கையிலும் பகிஷ்காரம் பரவும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது. அங்கே பாராட்டியவர்கள் உண்டு, பின்பற்றியவர்கள் இல்லை. தேர்ந்தெடுக்கப்பட வேண்டிய ஐம்பது ஸ்தானங்களில் நான்கு வெறுமையாய்க் கிடக்கவே சபை கூடிற்று, ஏழு மந்திரிகளில் தமிழராக மலைநாட்டுத் தொழிலாளரின் பிரதிநிதி பெரி சுந்தரம் ஒருவர் இருந்தார், யாழ்ப்பாணத்துக்கு ஒருவருமில்லை. நாளடைவில் குடாநாட்டிலேயே பகிஷ்காரத்தின்மீது அலுப்பு மிகுந்து, தேர்தல் வேண்டும் என்ற குரல் ஓங்க, 1934இல் நான்கு இடங்களும் நிரப்பப்பட்டன. பருத்தித்துறையிலிருந்து அப்போது சபைக்குள் நுழைந்தவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம். வாலிபர் காங்கிரஸ் எந்த வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத்தை வெறுத்ததோ, அதனையே, சிங்களருக்குப் பாதி ஏனையோருக்குப் பாதி ஸ்தானங்கள் என்னும் ஐம்பதுக்கு ஐம்பது கோரிக்கையாக வளர்த்துக் குடாநாட்டை அவர் தம் வசமாக்கினார்.

வாலிபர் காங்கிரஸ் பெயரளவில் சில ஆண்டுகள் இருந்து மெல்ல மறைந்தது. அதில் பேசியவர்கள் பலர் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் தலைமையாசிரியர்களானார்கள். பேரின்பநாயகம் 1947 பொதுத் தேர்தலில் வட்டுக்கோட்டைத் தொகுதியில் வேட்பாளராக நின்றார். பழைய பகிஷ்காரக்காரரின் பெயர் இம்முறை வாக்குச்சீட்டில் இருந்தது. பொன்னம்பலத்தின் தமிழ்க் காங்கிரஸ் வேட்பாளர் வென்றார். அதன்பின் பேரின்பநாயகம் கொக்குவில் இந்துக் கல்லூரிக்கு அதிபராகச் சென்று, மீண்டும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லத் தொடங்கினார்.