நிலமளக்கக் கற்பித்த மைக்கேல் டாப்பிங்

நம் சங்கம் வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், கிழக்கிந்தியக் கம்பெனியின் நில அளவையாளர் ஒருவரது வாழ்வை நினைவுகூர விழைகிறோம். அவர் பெயர் மைக்கேல் டாப்பிங். அவர் நம்மவர் அல்லர். நமக்காக உழைத்தவரும் அல்லர். எனினும் அவர் தொடங்கிய பள்ளியின் வரலாறு நம் மாணவர் ஒவ்வொருவரும் அறியத்தக்கது.

டாப்பிங் 1785ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்தார். சோழமண்டலக் கரையைச் சரிவர அறியாது கப்பல்கள் அல்லலுற்ற காலம் அது. அக்கரையை அளந்து, ஊர்களின் இருப்பிடத்தை வான்கோள்களின் துணைகொண்டு கணிப்பதே அவர் மேற்கொண்ட பணி. அதன் பொருட்டு 1792இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த வானாய்வகத்தை வடிவமைத்தவரும் அவரே. அதற்கென நாட்டிய கருங்கல் தூணில் அவர் பெயர் பொறிக்கப்பெற்றது. தமிழிலும் தெலுங்கிலும் செய்தி வெட்டப்பெற்றது. பின்னர்க் கிருஷ்ணை, கோதாவரி ஆற்றுப்படுகைகளைப் பாசனத்தின் பொருட்டு அளந்தார். அவருக்கு அரை நூற்றாண்டுக்குப் பின்னரே ஆர்தர் காட்டன் கோதாவரியில் அணை கட்டினார். அப்பகுதியின் காய்ச்சலுக்கு இரையாகி, 1796இல் மசூலிப்பட்டினத்தில் டாப்பிங் மறைந்தார்.

அவர் ஆற்றிய பணிகளுள் நம் கருத்தை ஈர்ப்பது ஒன்றே. நாடோ பெரிது, அளக்கத் தெரிந்தோரோ சிலர். இங்கிலாந்திலிருந்து ஆட்களை வரவழைப்பின் செலவு மிகும். ஆகவே இங்குள்ள சிறுவர்களுக்கே அளவைக் கலையைக் கற்பிக்கலாம் என்று அவர் கம்பெனிக்கு எடுத்துரைத்தார். 1794ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் நாள், புனித ஜார்ஜ் கோட்டையருகே எட்டு மாணவர்களுடன் அளவைப் பள்ளி தொடங்கிற்று.

அந்த எட்டுச் சிறுவர் யாவர்? சென்னை ஆண் அநாதையர் விடுதியில் வளர்ந்தவர்கள். ஐரோப்பியப் படைவீரர்க்கும் இந்நாட்டுப் பெண்டிர்க்கும் பிறந்து, இரு சாராராலும் இழிவாக எண்ணப்பெற்றவர்கள். அவ்விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல், நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, அம்முறையைத் தம் மாணவர்க்கும் கைக்கொண்டவர். நம் முன்னோர் ஏறவியலாத திண்ணையின் மணல், ஏதிலிச் சிறுவருக்கு எழுத்தறிவித்தது! இந்தியத் தாய்க்குப் பிறந்தோர் கம்பெனியின் உயர் பணிகளில் சேரலாகாது என 1791இல் இலண்டனிலிருந்து ஆணை வந்தது. அவ்வாறு பிறப்பால் ஒரு வாயில் அடைபட்ட மூன்றாம் ஆண்டில், அளவைச் சங்கிலி அவர்களுக்கு வேறொரு வாயிலைத் திறந்தது.

டாப்பிங்கின் நோக்கம் அறம் அன்று, சிக்கனமே. அதனை மறைப்பதற்கில்லை. ஆயின் கற்பித்தவர் நோக்கம் எதுவாயினும், கற்ற கல்வி கற்றவனுக்கே உரியது. 1802இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே ஏழரை மைல் அடிக்கோட்டை அளந்து தொடங்கிய மாபெரும் முக்கோண அளவை, காலப்போக்கில் இமயமலை அடிவாரத்தை எட்டியது. அவருடைய முதன்மை உதவியாளராக விளங்கிய ஜோஷுவா டி பென்னிங், டாப்பிங்கின் பள்ளியில் பயின்றவரே. அன்று எட்டு மாணவர் பயின்ற அப்பள்ளியே வளர்ந்து, 1859இல் பொறியியல் கல்லூரியாகி, 1920இல் கிண்டிக்குப் பெயர்ந்து, 1978இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமாயிற்று.

இனி நம் பக்கம் திரும்புவோம். இரயத்துவாரி முறையில் கிராமங்கள் அளக்கப்பட்டபோது, 66 அடி நீளமும் 100 கண்ணிகளும் உடைய சங்கிலி நிலந்தோறும் இழுக்கப்பட்டது. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். அதில் நூற்றில் ஒரு பங்கு ஒரு சென்ட். எல்லைத் தகராறு எழுந்தால் வழிகாட்டியவர் வெட்டியான். அளவையின்போது சங்கிலி பிடித்து வெயிலில் நின்றவரும் பெரும்பாலும் அவரே. எந்தக் கல் எங்கு உளது என்பதை அவர் கால்கள் அறியும். ஆயினும் பதிவேட்டில் ஏறிய பெயர் வேறொருவருடையது. செங்கற்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் நம் மக்களின் நிலமற்ற நிலையை அரசுக்கு விரித்துரைத்தார். அதன் பின்னரே, 1892இல், பஞ்சமர்க்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. அந்நிலங்களிலும் பல பின்னாளில் கைமாறின. பத்திரத்தைப் படிக்கத் தெரியாதார் இட்ட கைநாட்டே அதற்கு ஒரு வழியாயிற்று.

நாம் சிறுவராயிருந்தபோது எம் ஊரில் அளவை நடந்தது. எம் தந்தையார் பகல் முழுதும் சங்கிலி பிடித்தார். மாலையில் கூலி பெற்றார். சுடுகாட்டுக்குச் செல்லும் பாதை அடுத்தவர் பட்டா எண்ணில் அடங்கிவிட்டதை எவரும் அறிந்திலர். பல்லாண்டுகட்குப் பின், பிணத்தோடு வழிமறிக்கப்பட்ட நாளில்தான் உண்மை வெளிப்பட்டது. எம் தெருவின் முதல் பட்டதாரி புலப்படத்தை வாங்கி விரித்து, கல்லும் கோடும் காட்டி விளக்கினார். சங்கிலி பிடித்த கையால் எம் தந்தையார் அக்கோட்டைத் தடவிப் பார்த்தார், ஒன்றும் கூறவில்லை. அன்று அவர் முகத்தில் கண்டதை முப்பதாண்டு ஆசிரியப் பணியில் நாம் ஒருநாளும் மறந்ததில்லை.

எனவே ஒன்பதாம் வகுப்பில் பரப்பளவுப் பாடம் நடத்தும்போதெல்லாம், சொந்த ஊரின் புலப்படத்தைக் கொணர்க என்று மாணவரைப் பணிக்கிறோம். பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு, அடங்கல் ஆகியவற்றைப் படிக்கத் தெரியாதவன் பட்டம் பெற்றும் பயனில்லை என்பது நம் துணிபு. நம் சங்கத்தின் இரவுப் பள்ளிகளிலும் விடுதிகளிலும் இப்பாடம் இடம்பெறல் வேண்டும். பிள்ளைகள் மட்டுமன்றிப் பெற்றோரும், சிறப்பாகத் தாய்மாரும், தத்தம் வீட்டுமனையின் அளவை எண் இன்னதெனச் சொல்லத் தெரிந்திருத்தல் வேண்டும்.

அன்று எட்டுப் பேர் கற்றனர், தென்னாடு அளக்கப்பட்டது. நம் பிள்ளைகள் எத்தனை பேர் கற்பர் என்பது நம் கையில் உள்ளது. சங்கிலி பிடித்த தலைமுறை தன் கடமையை ஆற்றிவிட்டது. இனிப் படம் வரையும் தலைமுறை எழுக!