எறியுளியும் சட்டமும்

சென்ற மாதம் மஸ்ஜித் இந்தியாவில் ஒரு தேநீர்க்கடையில் நாம் அமர்ந்திருந்தபோது, நம் தோட்டத்தில் பிறந்து இன்று நகரில் தொழில் புரியும் இளைஞரொருவர் வந்து குறைப்பட்டுக்கொண்டார். ரெடாங் தீவுக்கு உல்லாசப் பயணம் புறப்பட்டவர், அங்கே ஈட்டித் துப்பாக்கியால் மீன் வேட்டையாடுதல் குற்றமென அறிந்தாராம். "கிராணி ஐயா, நம் பழைய பரதவர் செய்ததை நான் செய்தால் குற்றமா?" என்றார். கேள்வி நியாயமானதே. விடையைச் சரித்திரத்தில் தேடுவோம்.

நெய்தல் நிலப் பரதவர் எறியுளி கொண்டு பெருமீன் எறிந்த செய்தி சங்கப் பாடல்களில் வருகின்றது. அஃது அவர்தம் பிழைப்பு. மேலும், படகின்மீது நின்று எறிந்தவனுக்குக் கடலின் ஆழம் எட்டாது. மீனுக்கு ஆழமே அரண்.

அவ்வரண் சென்ற நூற்றாண்டில் தகர்ந்தது. 1930களில் பிரான்சின் தென்கரையில், நீர்க்கண்ணாடி அணிந்து மூழ்கி மீன் வேட்டையாடும் விளையாட்டுப் பரவிற்று. 1943இல் கூஸ்தோ, கான்யான் என்னும் இருவர் நீருக்கடியில் மூச்சு விடுதற்குரிய கருவியை அமைத்தனர். அதனால் மீனின் இல்லத்துள்ளேயே வேட்டைக்காரன் புகுந்தான்.

வலை கிடைத்ததை வாரும். ஈட்டியோ பெரியதையே தேடும். களவா மீன் இனங்கள் பல முதலில் பெண்ணாக வாழ்ந்து, முதிர்ந்த பின்னரே ஆணாக மாறுவன. பெரியவற்றையே கொன்றுவந்தால் ஆண் அருகி, இனம் நலியும். பிரான்சும் இத்தாலியும் மூச்சுக்கருவியுடன் மீன் வேட்டையாடுதலைத் தடுத்து, மூச்சடக்கி மூழ்குவோர்க்கு மட்டும் கட்டுப்பாட்டுடன் இடமளித்தன. கருவியின் வலிமை மிகுந்தவிடத்துச் சட்டமும் மிகுதல் இயல்பன்றோ?

மலேசியாவின் 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம், வெடி, நஞ்சு, மின்சாரம் ஆகியவற்றால் மீன் பிடித்தலை விலக்கியது. அச்சட்டத்தின்படி 1994இல் 38 தீவுகளைச் சூழ்ந்த நீர்ப்பரப்பு கடற்பூங்காவென அறிவிக்கப்பட்டது. ரெடாங்கைச் சுற்றி 2 கடல் மைல் வரை, ஈட்டி மட்டுமன்று, தூண்டிலும் வலையுங்கூட அனுமதியின்றி ஆகா.

இங்கேதான் நாம் நின்று சிந்தித்தல் வேண்டும். தன் முன்னோர் வலை வீசிய நீரை அத்தீவின் ஏழை மீனவனும் விட்டுக்கொடுத்திருக்கின்றான். பிழைப்பை விட்டவன் எதிரே நின்று, விளையாட்டை விடமாட்டேன் என்பது எவ்வகை நீதி? பரதவர் பெயரைச் சொல்லி உரிமை கேட்பவர், இன்றைய பரதவனின் இழப்பையும் எண்ணுதல் கடனன்றோ?

இவ்வளவும் கேட்ட இளைஞர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "கண்ணாடியை மட்டும் கொண்டுபோகின்றேன், ஐயா" என்றார்.

விடுமுறையில் தீவுகளுக்குச் செல்லும் நம்மவர் அனைவரும் இதனை அறிந்து செல்வாராக.