மீன் தீவனத்தில் பூண்டு

நோயுற்ற மாட்டைத் தனியே கட்டிவைத்து மருந்து புகட்டலாம். நோயுற்ற மீனை என்ன செய்வது? குளத்தில் அது எங்கே கிடக்கிறது என்பதே தெரியாது. ஆகவே தீவனத்தில் மருந்தைக் கலப்பதே எளிய வழியாயிற்று. ஆனால், நோய் முற்றிய மீன் இரை எடுப்பதில்லை. மருந்தை உண்பது பெரும்பாலும் நலமாயுள்ள மீனே! எஞ்சிய தீவனம் சேற்றில் கரைந்து, அங்குள்ள பாக்டீரியாக்களுக்கு மருந்தைப் பழக்கிவிடுகிறது.

1940களில் அமெரிக்கப் பண்ணைகளில் ட்ரவுட் மீன்களுக்குச் சல்ஃபா மருந்துகளைத் தீவனத்தில் கலந்து கொடுத்தனர். பின்னர் ஆன்டிபயாடிக் மருந்துகள் வந்தன. 1970களின் தொடக்கத்திலேயே, மருந்தை எதிர்க்கும் ஆற்றலை ஒன்றுக்கொன்று கடத்தவல்ல பாக்டீரியாக்களை ஜப்பானிய ஆய்வாளர்கள் மீன்களில் கண்டனர். ஆயினும் 1987இல் நார்வேயின் மீன் பண்ணைகள் மட்டும் சுமார் 50 டன் ஆன்டிபயாடிக்கைச் செலவிட்டன. அங்கே நிலைமையை மாற்றியது மூலிகையன்று, தடுப்பூசி. ஆனால், விலை குறைந்த கெண்டைக்கு ஒவ்வொன்றாக ஊசி போட்டுக் கட்டுபடியாகுமா?

சீனக் குளங்களில் வேறொரு வழக்கம் இருந்தது. புல்கெண்டைக்குக் குடல் அழற்சி கண்டால் வெள்ளைப்பூண்டை நசுக்கித் தீவனத்தில் கலப்பார்கள். நசுக்குவதில் பொருள் உண்டு. பூண்டுப்பல்லின் திசு சிதையும்போதுதான் அதிலுள்ள நொதி வேலை செய்து அல்லிசின் என்னும் கந்தகச் சேர்மம் உண்டாகிறது. இதனை 1944இல் அமெரிக்காவில் காவலிட்டோ, பெய்லி என்ற இருவர் பிரித்தெடுத்து, பாக்டீரியாவை அடக்குவதையும் காட்டினர்.

ஆனால் வழக்கம் சான்றாகிவிடாது. பூண்டு தின்னாத மீன்களும் பக்கத்தில் இருந்தாலன்றோ ஒப்பிட முடியும்? ஸ்காட்லாந்தில் செய்து 2009இல் வெளியான ஆய்வில் அந்த ஒப்பீடு இருந்தது. வானவில் ட்ரவுட் மீன்களுக்கு 14 நாள் பூண்டுத் தீவனம் கொடுத்து, அதன் பிறகே ஏரோமோனாஸ் பாக்டீரியாவைச் செலுத்தினர். பூண்டு தின்னாதவற்றில் 100க்கு 88 மடிந்தன. 100 கிராம் தீவனத்துக்கு அரை கிராம் பூண்டு வீதம் தின்றவற்றில் 100க்கு 4 மட்டுமே! இரத்த அணுக்கள் கிருமிகளை விழுங்கும் வேகமும் கூடியிருந்தது. மருந்தை உண்பது நலமான மீனே என்ற குறை, இங்கே வசதியாகிவிட்டதைக் கவனியுங்கள்.

எண்கள் கவர்ச்சியானவைதாம். ஆனால் அவை தொட்டியில் கிடைத்தவை. சேறும் வெயிலும் நெரிசலும் உள்ள குளத்தில் அப்படியே கிடைக்கும் என எதிர்பார்ப்பதற்கில்லை. பூண்டை நிறுத்தியபின் வாரங்கள் செல்லச்செல்லப் பாதுகாப்பும் குறைந்தது. போதாக்குறைக்கு, அல்லிசின் வெப்பத்தில் சிதைவது. ஆலைத் தீவனமோ நீராவியில் வெந்து வருவது. எனவே அது ஆறிய பிறகே பூண்டுச் சாற்றை மேலே பூச வேண்டும்.