சீட்டு வங்கியும் ‘தனியார்’ நோட்டும்

பணத்தாள் வெளியிடும் வங்கிக்கு 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மானியர் வழங்கிய பழைய பெயர் ‘செட்டல்பாங்க்’. செட்டல் என்றால் துண்டுச்சீட்டு. இலத்தீன் ‘ஸ்கெடுலா’விலிருந்து பிறந்த சொல், நாம் பேச்சில் புழங்கும் ‘ஷெட்யூல்’ அதற்குப் பங்காளி. கொண்டுவருபவருக்கு நாணயம் தருவோம் என்று வங்கி எழுதிக்கொடுத்த சீட்டு என்பதற்கு மேல் அந்தப் பெயர் எதையும் சொல்லவில்லை. வங்கி அரசுடையதா, தனியாருடையதா என்பது அதில் இல்லை. 1835-இல் மியூனிக்கில் தொடங்கிய பவேரிய ஹைப்போதேக்கன் உண்ட் வெக்சல் வங்கிக்கும், 1850-களில் கோத்தா, வைமர், சோண்டர்ஸ்ஹவுசன் போன்ற குட்டி அரசுகளில் முளைத்தவற்றுக்கும் அது பொதுப் பெயர். பிரஷ்யா நோட்டு உரிமையை எளிதில் தராததால் முதலீட்டாளர்கள் அண்டைச் சிற்றரசர்களிடம் போனார்கள். சீட்டுகள் மட்டும் பிரஷ்யச் சந்தைக்கே திரும்பி வந்தன. அவற்றுக்கு அங்கே ‘காட்டுச் சீட்டு’ என்று ஏளனப் பெயர். 1857-இல் பிரஷ்யா அயல் நோட்டுகளைக் கொடுக்கல் வாங்கலில் தடைசெய்தது.

1875 மார்ச் 14-ஆம் நாள் வந்த வங்கிச் சட்டம், பெர்லினிலிருந்த ஜெர்மானியப் பேரரசின் மத்திய வங்கியான ரைஷ்ஸ்பாங்க் நீங்கலான மற்ற நோட்டு வங்கிகளைத் தனிப் பிரிவில் வைத்து, ‘பிரிவாட் நோட்டன்பாங்க்’, அதாவது தனியார் நோட்டு வங்கி, என்று தலைப்பிட்டது. பங்குதாரர் பணத்தில் நடந்தவை ஆகையால் அப்பெயர் பொருத்தமே என்பார்கள். அப்படியானால் ரைஷ்ஸ்பாங்கையும் அப்படியே அழைத்திருக்க வேண்டும். அதன் 12 கோடி மார்க் மூலதனமும் தனியார் பங்குதாரர் கையில்தான் இருந்தது. கோத்தா வங்கி 1856-லேயே தன் பெயரில் ‘தனியார்’ என்று சேர்த்துக்கொண்டதே என்று கேட்கலாம். அங்கே அச்சொல் முதலின் உடைமையைச் சொன்னது. 1875 சட்டத்திலோ ஒரு வங்கி பெர்லினிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதையே சொன்னது.

சட்டத்தின் கணக்கும் இதையே காட்டுகிறது. இருப்பு ஈடின்றி, வரியின்றி வெளியிடத்தக்க நோட்டு மொத்தம் 38.5 கோடி மார்க். அதில் 25 கோடி ரைஷ்ஸ்பாங்குக்கு. வரம்பு மீறினால் 5 சதவீத வரி. உரிமையைக் கைவிடும் வங்கியின் பங்கும் ரைஷ்ஸ்பாங்குக்கே போய்ச் சேரும். வங்கிகள் ஒவ்வொன்றாக விலகின, 1906-க்குப் பின் எஞ்சியவை பவேரியா, சாக்சனி, வூர்ட்டம்பெர்க், பாடன் வங்கிகள் நான்கே. ‘தனியார்’ என்று வகைப்படுத்தப்பட்ட நான்கும் தத்தம் மாநிலத்தின் பெயரையே தாங்கியிருந்தன என்பதை இங்கே கவனிக்க வேண்டும். 1934 ஜனவரியில் மாநிலங்களின் இறையுரிமை மைய அரசான ரைஷுக்கு மாறியது. நான்கு வங்கிகளின் நோட்டு உரிமை 1935 டிசம்பர் 31-உடன் முடிந்தது.