தந்தையின் முழக்கம், மைந்தனின் அடக்கம்

தில்லி கரோல்பாகில் மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் கடைகள் வரிசை வரிசையாக உண்டு. அப்பகுதியில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு அக்கடைகளின் இரைச்சல் பழகிப்போன ஒன்று. நம்மவர் ஒருவர் அங்கே சென்று, அரைகுறை இந்தியில் தடுமாறியபின், “சைலென்சர்” என்ற ஒரே ஒரு சொல்லை உதிர்த்தால் போதும். கடைக்காரர் முழு விவரத்தையும் உணர்ந்துகொள்வார். மும்பையிலும் கொல்கத்தாவிலும் இதே அனுபவந்தான். பாரத நாட்டின் மொழிகள் பலவும் பகுத்துண்ணும் சொற்களுள் இதுவும் ஒன்று.

இச்சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. துப்பாக்கிக் குழலின் முனையில் பொருத்தி, அதன் வெடியோசையைக் குறைக்கும் கருவிக்கும் சைலென்சர் என்றே பெயர். மொழிபெயர்ப்புத் தொழிலில் காலங்கழிக்கும் எனக்கு இந்தப் பெயர் நெடுநாளாக ஓர் உறுத்தல். “மௌனமாக்கும் கருவி” என்று இதனைத் தமிழாக்கினால் சொல்லுக்கு உண்மையாயிருக்கலாம், பொருளுக்குப் பொய்யாகிவிடும். ஏன் என்பதை அறிய ஒரு தந்தையின் கதையையும் அவருடைய மைந்தனின் கதையையும் கேட்க வேண்டும்.

தந்தையின் பெயர் ஹைரம் ஸ்டீவன்ஸ் மாக்ஸிம். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் 1840-ஆம் ஆண்டில் பிறந்தவர். 1881-இல் ஐரோப்பாவுக்குச் சென்ற அவர் லண்டனில் ஒரு பட்டறை அமைத்துக்கொண்டார். துப்பாக்கி வெடிக்கும்போது சுடுபவரின் தோளைப் பின்னோக்கி உதைக்கும் விசையை எல்லோரும் ஒரு தொல்லையாகவே கருதினர். மாக்ஸிமோ அதனை வீணாகும் சக்தி என்று கண்டார். அந்த உதைப்பைக் கொண்டே வெற்றுத் தோட்டாவை வெளியே தள்ளவும், அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றவும், மீண்டும் சுடவும் வழி வகுத்தார். 1884-இல் உலகம் கண்ட மாக்ஸிம் துப்பாக்கி நிமிஷத்துக்கு ஏறத்தாழ 600 குண்டுகளைப் பொழிந்தது.

அக்கருவி என்ன செய்தது என்பதை வரலாறு அறியும். 1898-இல் சூடானில் ஆம்டர்மன் போர்க்களத்திலும், 1904-இல் இந்தியாவிலிருந்து திபெத்துக்குள் நுழைந்த பிரிட்டிஷ் படையிலும் அது முழங்கிற்று. பழைய ஆயுதங்களோடு எதிர்த்து நின்றவர்கள் கொத்துக் கொத்தாக மடிந்தனர். 1901-இல் மாக்ஸிமுக்கு ஆங்கில அரசு ‘சர்’ பட்டம் அளித்தது. துப்பாக்கிகளோ அவருக்கு வேறொரு பரிசும் அளித்திருந்தன. ஆண்டுக்கணக்காக அவற்றின் அருகிலேயே நின்று சோதனை செய்தமையால் அவருடைய செவிப்புலன் சிதைந்தது. பெரும்பாலும் செவிடராகவே வாழ்ந்து 1916-இல் அவர் மறைந்தார்.

மைந்தர் ஹைரம் பெர்ஸி மாக்ஸிம் 1869-இல் புரூக்ளினில் பிறந்தார். தந்தை கடல் கடந்து சென்றபோது இவருக்கு வயது பன்னிரண்டு. 1886-இல் மாசசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பட்டம் பெற்று, பின்னர் ஹார்ட்ஃபோர்டு நகரில் மோட்டார் வண்டிகளை உருவாக்கும் பொறியியலாளராகப் பணியாற்றினார். தந்தையின் செவிட்டுத்தன்மையே மகனை ஓசை அடக்கியைப் படைக்கத் தூண்டிற்று என்று எழுதினால் கதை அழகாக அமையும். ஆனால் அவர் கூறிய காரணம் எளிமையானது. குறிபார்த்துச் சுடுவதில் அவருக்கு விருப்பம் உண்டு. அதன் ஓசை அயலாருக்குத் தொல்லையாவதில் விருப்பமில்லை. குளியல் தொட்டியின் வடிகாலில் நீர் சுழன்று சுழன்று அமைதியாக இறங்குவதைக் கண்டபோது, துப்பாக்கியின் வாயுவையும் அவ்வாறே சுழலவிட்டு வெளியேற்றினால் என்ன என்ற எண்ணம் பிறந்ததாம். 1909 மார்ச்சில் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. கருவி ‘மாக்ஸிம் சைலென்சர்’ என்ற பெயரில் கடைக்கு வந்தது. அமெரிக்க ஜனாதிபதியாயிருந்த தியோடர் ரூஸவெல்ட்டே தம் வின்செஸ்டர் துப்பாக்கியில் ஒன்றைப் பொருத்திக்கொண்டார்.

கருவியின் தத்துவம் கடினமானதன்று. பிரஷர் குக்கரின் வெயிட்டை அவசரத்தில் தூக்கிவிட்டால் ஆவி சீறிப் பாய்கிறது. சற்றே பொறுத்துச் சிறிது சிறிதாக வெளியேற விட்டால் மெல்லிய ஓசையோடு அடங்கிவிடுகிறது. துப்பாக்கியிலும் அப்படியே. குண்டின் பின்னே மிகுந்த அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் வாயு, குழலின் வாயில் திடீரென்று விடுதலை பெறுவதால்தான் அந்த வெடியோசை எழுகிறது. அடக்கியின் உள்ளே தடுப்புத் தகடுகளும் சிற்றறைகளும் இருக்கின்றன. வாயு அவற்றில் புகுந்து, விரிந்து, குளிர்ந்து, வேகந் தணிந்து வெளியேறுகிறது.

ஆனால் இவ்வளவு செய்தும் துப்பாக்கி மௌனமாவதில்லை. காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர். ரைபிள் குண்டுகளில் பெரும்பாலானவை அதனை விஞ்சும் வேகத்தில் செல்கின்றன. அவ்வாறு செல்லும் குண்டு, சாட்டையைச் சொடுக்கினாற்போன்ற ஓசையை வழி நெடுகிலும் எழுப்பிக்கொண்டே போகும். குழல் முனையில் உள்ள கருவியால் அதனைத் தடுக்க இயலாது. அடக்கியில்லாத ரைபிளின் ஓசை சுமார் 160 டெசிபல். நல்ல அடக்கி அதில் 20 முதல் 30 டெசிபல் வரை குறைக்கும். எஞ்சி நிற்பதும் செவியை அதிரவைக்கும் ஓசையே. ஒரே ஒரு வெடிப்பிலும் காதுக்கு ஊறு நேரக்கூடிய எல்லையாகிய 140 டெசிபலுக்குக் கீழே அதனை இறக்குவதுதான் இக்கருவியின் உண்மையான சாதனை.

தந்தையின் எண்ணமும் மைந்தனின் எண்ணமும் ஒன்றையொன்று சந்தித்த இடம் அரைத் தானியங்கி ரைபிள். ஒருமுறை விசையை இழுத்தால் ஒரே குண்டுதான் பாயும். ஆனால் அடுத்த தோட்டாவைத் துப்பாக்கி தானே ஏற்றிக்கொள்ளும். வெடிப்பின் சக்தியையே வேலை வாங்குவது என்ற மூத்த மாக்ஸிமின் வழியில் வந்தது இது. பிற்கால ரைபிள்கள் பலவற்றில், உதைப்புக்குப் பதிலாகக் குழலிலிருந்து பிரித்தெடுத்த சிறிதளவு வாயுவே இவ்வேலையைச் செய்கிறது. அமெரிக்க ராணுவம் இத்தகைய எம்-1 காரண்ட் ரைபிளை ஏற்றுக்கொண்ட ஆண்டு 1936. இளைய மாக்ஸிம் காலமானதும் அதே ஆண்டில்தான்.

இவ்விரண்டும் ஒரே ஆயுதத்தில் கூடியபோது இணக்கம் எளிதில் ஏற்படவில்லை. அடக்கி வாயுவைத் தேக்கி வைக்கிறது. தேங்கிய வாயுவோ பின்னோக்கியும் திரும்புகிறது. அதனால் ஏற்றும் உறுப்புகள் அளவுக்கு மீறிய வேகத்தில் பின்னே தள்ளப்படுகின்றன, தேய்மானம் மிகுகிறது, கரி உள்ளே படிகிறது, புகை சுடுபவரின் முகத்திலேயே வந்து படுகிறது. வெற்றுத் தோட்டா வெளியேறும் வாயில் திறக்கும்போது அவ்வழியாகவும் ஓசை கசிகிறது; அந்த வாயிலோ சுடுபவரின் காதுக்கு மிக அருகில் இருக்கிறது. இரும்போடு இரும்பு மோதும் ஓசையும் உண்டு. முன்னே அடைத்த ஓசையில் ஒரு பகுதி பக்கவாட்டில் புறப்பட்டு வந்துவிடுகிறது.

இரண்டாம் உலக யுத்தத்தில் பிரிட்டிஷார் இவ்வுண்மையை நன்கு உணர்ந்திருந்தனர். இரகசியப் படையினருக்காக அவர்கள் செய்த டி லைல் கார்பைன், தானே ஏற்றிக்கொள்ளும் வகையைச் சேர்ந்ததன்று. ஒவ்வொரு முறையும் கையால் இழுத்து ஏற்ற வேண்டியது. குண்டும் ஒலியினும் மெதுவாகச் செல்வது. வேகத்தையும் விரைவையும் துறந்தே அவர்கள் அமைதியை வாங்கினர். வியட்நாம் யுத்தத்திலோ அமெரிக்கர் அரைத் தானியங்கியாகிய எக்ஸ்எம்-21 ரைபிளில் அடக்கியைப் பொருத்தினர். அங்கே மௌனம் நோக்கமன்று. ஓசை எத்திசையிலிருந்து வந்தது என்று எதிரி அறியாதிருந்தால் போதுமானதாயிற்று. பிற்காலத்தில் வாயுவின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் வல்ல அமைப்புகள் ரைபிள்களில் வந்து இப்பூசலைப் பெருமளவு தணித்தன. 2020 டிசம்பரில் அமெரிக்க மரைன் படை தன் காலாட்படை வீரர்களுக்கு அடக்கிகளை வழங்கப்போவதாக அறிவித்தது. போர்க்களத்தில் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்க வேண்டும், படையிலிருந்து மீள்பவரின் செவி பிழைத்திருக்க வேண்டும் என்பன அதன் நற்பயன்களாகக் கருதப்பட்டன. மூத்த மாக்ஸிம் இழந்தது எதுவோ, அதனைக் காக்கவே இளைய மாக்ஸிமின் கருவி இறுதியில் பயன்பட்டது.

ஆனால் ‘சைலென்சர்’ என்ற பெயர் இதற்கிடையில் தன் வேலையைச் செய்துவிட்டது. கடைச் சரக்குக்கு வணிகர் சூட்டிய அந்தப் பெயரைக் கேட்டவர்கள், கொலைகாரன் கையில் ஓசையே எழுப்பாத துப்பாக்கி இருப்பதாக அஞ்சினர். சினிமாப் படங்கள் அவ்வச்சத்துக்கு உருவம் கொடுத்தன. 1934-இல் அமெரிக்கா இயற்றிய தேசியத் துப்பாக்கிச் சட்டம், இயந்திரத் துப்பாக்கிகளோடு இக்கருவியையும் சேர்த்து, 200 டாலர் வரியும் பதிவும் விதித்தது. வரி, கருவியின் விலையைக் காட்டிலும் பன்மடங்கு அதிகம். அத்தொகை தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் மாறாமலிருந்து, 2025-இல் இயற்றிய சட்டத்தினால் 2026 ஜனவரி முதல் இல்லாமற் போயிற்று. பதிவு மட்டும் நீடித்தது. மறுபுறம் நார்வே, பின்லாந்து ஆகிய நாடுகளின் வேட்டைக்காரர் இதனைக் காது காக்கும் கருவியாகவே கருதிப் பழகினர்.

நம் நாட்டின் நிலை வேறு. 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம், துப்பாக்கி எது என்று வரையறுக்குமிடத்தில், வெடியின் ஓசையையோ ஒளியையோ குறைப்பதற்கென்று அமைந்த துணைக்கருவியையும் துப்பாக்கி என்றே கொள்கிறது. தனியே கிடக்கும் அடக்கியும் சட்டத்தின் கண்ணில் ஆயுதமே. அச்சட்டத்தின் கடுமையைப் பற்றி இங்கே வாதிக்க நான் வரவில்லை. அதன் வாசகத்தை எழுதியவர் கையாண்ட வினைச்சொல்லைத்தான் வியக்கிறேன். ஓசையை ‘ஒழிப்பது’ என்றோ ‘மௌனமாக்குவது’ என்றோ அவர் எழுதவில்லை. ‘குறைப்பது’ என்றே எழுதினார். பெயரைப் பின்பற்றாமல் பொருளைப் பார்த்து எழுதிய கை அது. தமிழில் நாமும் ‘ஓசை தணிப்பான்’ என்றோ ‘ஒலி குறைப்பான்’ என்றோ வழங்குதல் பொருந்தும்.

இளைய மாக்ஸிமைப் பற்றி வானொலி நேயர்கள் அறியவேண்டியது இன்னும் ஒன்றுண்டு. ஹார்ட்ஃபோர்டிலிருந்து அவர் அனுப்பிய கம்பியில்லாத் தந்திச் செய்தி ஒருமுறை பக்கத்து நகரை எட்டவில்லை. இடையிலிருந்த ஒருவர் வாங்கி அனுப்பியதால் அது போய்ச் சேர்ந்தது. அந்த அனுபவத்திலிருந்து 1914-இல் அமெரிக்க வானொலி அஞ்சல் கழகத்தை அவரும் கிளாரென்ஸ் டஸ்காவும் தோற்றுவித்தனர். துப்பாக்கியின் ஓசை தொலைவில் கேட்கக்கூடாது என்று முயன்றவரே, மனிதரின் செய்தி தொலைவில் சேரவேண்டும் என்றும் முயன்றார்.

கரோல்பாகில் சைலென்சர் மாட்டிய வண்டி சத்தமின்றி ஓடும் என்று எந்த மெக்கானிக்கும் நமக்கு வாக்களிப்பதில்லை; நாமும் அவ்வாறு எதிர்பார்ப்பதில்லை. இரைச்சல் சற்றுக் குறைந்தால் திருப்தியோடு வீடு திரும்புகிறோம். அதே சொல்லைத் துப்பாக்கியின் முனையில் கண்டபோது மட்டும் எழுத்துக்கு எழுத்து நம்பிவிட்டோம். அந்த நம்பிக்கையினால், காதை மூடாமல் சுட்டவனுக்கும் கேடு. இல்லாத மௌனத்தைக் கண்டு அஞ்சியவனுக்கும் கேடு.