ஆயிரத்துக்கு 1.6

1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் இயங்குவதால், வெள்ளைக் கோலுடன் நடப்பவர்கள் அங்கே அன்றாடக் காட்சி. ஆட்டிசத்துக்கு அப்படியோர் இடம் அமையவில்லை. தேசிய ஆட்டிசச் சங்கமான நாசோம் உருவானதே 1986இல்தான். இதற்கு அக்கறையின்மை மட்டும் காரணமன்று. பார்வையை எழுத்துப் பலகை வைத்து அளந்துவிடலாம். ஆட்டிசத்தைக் காட்டித்தர இரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. பிள்ளையைக் கவனிக்க வேண்டும், பெற்றோரைக் கேட்க வேண்டும். ஆகவே கோலாலம்பூரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆட்டிசத்தின் வரலாறு பெருமளவு வினாத்தாள்களின் வரலாறுதான். எத்தனை பிள்ளைகள் கணக்கில் வந்தார்கள் என்பதைக் கேள்வி கேட்ட விதமும் சேர்ந்தே தீர்மானித்தது.

2006இல் சுகாதார அமைச்சு சிறுபிள்ளைகளிடம் ஆட்டிச அறிகுறிகளைத் தேடும் எம்-சாட் வினாத்தாளை அரசாங்கக் கிளினிக்குகளில் சோதித்தபோது ஆயிரம் பிள்ளைகளுக்கு 1.6 பேர் என்ற கணக்கு கிடைத்தது. நடைமுறைக்கு ஒத்துவருமா என்று பார்க்கச் செய்த ஆய்வு அது; பிறகு நாட்டின் விகிதமாகவே புழங்கத் தொடங்கியது. 2001இல் அமெரிக்காவில் வெளியான அந்தத் தாளில் 23 ஆம்–இல்லை கேள்விகள். பிள்ளை விரல் நீட்டி எதையாவது கேட்கிறதா என்பது ஆறாவது. தனக்குப் பிடித்ததை விரல் நீட்டிக் காட்டுகிறதா என்பது ஏழாவது. எடை கூடியது ஏழாவதுதான். பால் போத்தலைக் காட்டி அழும் பிள்ளையின் தாய், தாதியிடம் "காட்டுவான் மிஸ்ஸி" என்று இரண்டுக்கும் ஒரே பதில் சொல்லலாம். அடுத்த மாதம் கேட்டாலும் அதையே சொல்வார். பதில் மாறவில்லை என்பதால் நம்பகத்தன்மை உண்டு. அளக்க வேண்டியதை அளந்ததா என்பது வேறு கேள்வி.

இது வெறும் ஊகம் என்று தள்ளிவிட முடியாது. இலங்கையில் ஹேமமாலி பெரேரா குழுவினர் 374 பிள்ளைகளிடம் அதே தாளைச் சிங்களத்தில் பயன்படுத்தி 2009இல் முடிவை வெளியிட்டார்கள். மருத்துவப் பரிசோதனையில் ஆட்டிசம் உறுதியானவர்கள் நால்வர். தாள் பிடித்தது ஒருவரை. நால்வரை வைத்து ஒரு தேசத்தின் விகிதத்தைச் சொல்ல முடியாது, உண்மைதான். ஆனாலும் மூவர் நழுவிய விதம் எச்சரிக்கைக்குப் போதுமானது. இது முதற்கட்ட வடிகட்டல்தானே, நிபுணர் பின்னால் சரிசெய்துவிடுவாரே என்பார்கள். தவறாகப் பிடித்த பிள்ளையைத்தான் நிபுணர் திருப்பி அனுப்ப முடியும். நழுவிய பிள்ளை அவரிடம் வருவதே இல்லை. அளவைகள் எல்லாமே பயனற்றவை என்பதல்ல என் வாதம். மலேசியாவின் 1997ஆம் ஆண்டுச் சிறப்புக் கல்வி விதிமுறைகள், பிறர் உதவியின்றித் தன்னைப் பார்த்துக்கொள்ளும், தேசியக் கல்வித் திட்டத்தைப் பயில முடியும் என்று குழுவொன்று உறுதிசெய்த பிள்ளைக்கே இடம் என்றன. பள்ளிக் கதவே மதிப்பீட்டில் தொங்கும்போது அளவையைத் திருத்தித்தான் ஆக வேண்டும். எம்-சாட்டை உருவாக்கியவர்களே அதைச் செய்தார்கள்: 2014இல் செம்மைப்படுத்திய தாளில் 20 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் உதாரணம். எட்டாத தின்பண்டத்தைக் காட்டுவது ஒன்று, வானத்தில் போகும் விமானத்தைக் காட்டுவது வேறொன்று. இடைப்பட்ட மதிப்பெண் வந்தால் தாயிடம் மறுபடி விரிவாகப் பேசவும் சொல்கிறது. இலங்கைக் குழு இன்னும் ஒரு படி மேலே போனது. கேள்விகளோடு புகைப்படங்களைச் சேர்த்துத் தாய்மாரிடம் காட்டியது.