பத்தாயிரத்துக்குள்ள ஒரு பிசி

இன்னைக்குக் கதை நம்ம சாரத்துல இருந்து கொஞ்ச தூரத்துல, சேதராப்பட்டுல ஆரம்பிக்குது. எச்.சி.எல். கம்ப்யூட்டர் ஃபேக்டரி அங்கதான் இருந்தது.

2005-ல் அந்த நிறுவனம் 9,990 ரூபாய்க்கு ஒரு டெஸ்க்டாப் கொண்டுவந்தது. அறிமுகம் செய்தவர் அப்போதைய மத்திய அமைச்சர் தயாநிதி மாறன். அந்த விலைக்குக் கொடுக்கணும்னா எதையாவது குறைக்கணும் இல்லையா? இன்டெலுக்குப் பதில் வியா பிராசஸர், 1 கிகாஹெர்ட்ஸ். ராம் 128 எம்பி. விண்டோஸ் கிடையாது, லினக்ஸ்தான்; அதுக்கு லைசென்ஸ் காசு இல்லையே.

மெயில் பார்க்க, லெட்டர் டைப் பண்ண இது போதும். (ராம் கம்மின்னு நான் முனகத்தான் செய்வேன், அது தொழில் வியாதி.) ஆனா வீட்டுக்கு வாங்குறவங்க கணக்கே வேற. பையன் கம்ப்யூட்டர் சென்டர்ல கத்துக்கிட்டு வர்றது விண்டோஸும் எம்.எஸ். ஆபீஸும். வீட்லயும் அதே வேணும். தெருமுனைக் கடைக்காரர் அசெம்பிள் பண்ணித் தர்ற பிசியில, காப்பியடிச்ச விண்டோஸ் சும்மாவே கிடைக்கும். ரிப்பேர்னா அவரே ஸ்க்ரூ டிரைவரோட வந்துடுவார். பில் மட்டும் கேட்கக்கூடாது!

ஃபேக்டரிக்கு உண்மையான போட்டி அவர்தான்னு நினைக்கிறேன். லினக்ஸ் மோசம்னு யாரும் ஒதுக்கல. பக்கத்து வீட்ல கேட்டா சொல்லித்தர ஆள் இல்ல, அவ்வளவுதான்.

புதுச்சேரியில ஃபேக்டரி வெச்சிருந்த விப்ரோவும் 2013-ல் பிசி தயாரிக்கறத நிறுத்துச்சு. அதுக்குள்ள பிசிக்குன்னு எடுத்து வெச்ச காசு போனுக்குப் போக ஆரம்பிச்சிருச்சு.